கடலூர் வெயிலைத் தாங்கி, அதிகம் கவனிக்காமலே வளரும் வேலிச் செடி எது?

கிளுவை. எங்கள் வீடு நெல்லிக்குப்பம் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது தோட்டத்து மதில் சாய்ந்துவிட்டது. கூரையைச் சரி செய்யவே காசு போதாத நேரம், மதிலுக்கு எங்கே போவது? கரூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணிதான், "எங்க ஊர்ல ஆடு மாடு மேயுற கொரங்காட்டுக்கெல்லாம் கிளுவைதான் வேலி, நடுறதுக்குப் போத்துக் குச்சி கொண்டாரச் சொல்றேன்" என்றார்.

அடுத்த புரட்டாசியில் போத்து வந்தது. கட்டைவிரல் பருமன், நாலடி நீளம். வெட்டுவாய் காயும்படி ஐந்தாறு நாள் நிழலில் போட்டு வைத்தோம். அப்புறம் முக்கால் அடிக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்தில் ஊன்றி, குறுக்கே மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினோம். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இருந்தவை மட்டும் அழுகிப் போயின. அங்கே மண் கொட்டி மேடாக்கி மறுபடி நட்டோம்.

நான் பயந்தது முதல் கோடையில். பங்குனியில் ஒரு இலை இல்லை, வரிசையாக வெறும் முள் குச்சி. "பட்டுப்போச்சு, பிடுங்கிப் போடுங்க" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அண்ணி ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியின் மேல்தோலை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று ஈரம். அந்த நிறத்தைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. இலையைக் கொட்டித்தான் அது வெயிலைக் கடக்கிறது. நல்ல மழை ஒன்று பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர் விட்டது. கசக்கினால் ஒரு நல்ல வாசனை வேறு. நீங்களும் கோடையில் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள், கீறிப் பாருங்கள்.

வேர் பிடித்த பிறகு நாங்கள் தண்ணீரே ஊற்றியதில்லை. முதல் வருஷம் மட்டும் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே குறை, கோடையில் வேலி மறைப்பாக இருக்காது. தெருப் பக்கம் மறைப்பு வேண்டும் என்றால் இடையிடையே நொச்சி வையுங்கள். அதுவும் குச்சி நட்டாலே வரும், ஆடும் சீண்டாது.

போத்துக்கு நர்சரி நர்சரியாக அலைய வேண்டாம். கிளுவை வேலி இருக்கும் வீடாகப் பார்த்துக் கேளுங்கள். நாங்கள் ஆவணிக் கடைசியில் வருஷத்துக்கு ஒரு முறை கழிப்போம். தழை ஆட்டுக்கு, குச்சி கேட்பவர்களுக்கு.