ஸ்கூட்டர் கார்புரேட்டர், ஜெட், டியூனிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான்கு ஸ்ட்ரோக் 50 சி.சி. ஸ்கூட்டரில் 50 மி.மீ. போர் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டிருக்கிறேன். ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியாயிற்று, சைலன்சரும் மாற்றியாயிற்று. பாதி ஆக்சிலரேட்டர் வரை நன்றாக இழுக்கிறது. முழுக்கத் திருகினால் திணறுகிறது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மெயின் ஜெட்டை 80-லிருந்து 105 ஆக்கினோம். இன்னும் மோசமாகிவிட்டது. சரியான எண் எது?

பதில்: 105 நிச்சயமாக இல்லை. ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு; முழு ஆக்சிலரேட்டரில் அளப்பது மெயின் ஜெட். ஜெட்டின் எண் பெரும்பாலும் துளையின் விட்டம். 80 என்றால் 0.80 மி.மீ. பெட்ரோல் போவதோ துளையின் பரப்பைப் பொறுத்தது. 80-லிருந்து 105-க்குப் போனால் எண் கூடியது 25தான், பரப்பு கூடியது 72 சதவீதம். 90 போட்டாலே பரப்பு 27 சதவீதம் கூடிவிடும். 'என் இன்ஜின் 49-லிருந்து 81 சி.சி. ஆகிவிட்டதே, பெட்ரோலும் அந்த அளவு கூட வேண்டாமா' என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் பெரிய இன்ஜின் கார்புரேட்டரின் அதே 18 மி.மீ. வாய் வழியாக அதிகக் காற்றை இழுக்கிறது. காற்றின் வேகம் கூடக்கூட உறிஞ்சலும் கூடி, பழைய ஜெட் வழியாகவே முன்னைவிட அதிகப் பெட்ரோல் வந்துவிடும். ஜெட் மாற்றுவது மிச்சக் குறையை நிரப்பத்தான். உங்கள் மாதிரி அமைப்பு பொதுவாக 85-க்கும் 95-க்கும் நடுவே எங்கோ நிற்கும்.

அதற்கு முன்பு ஜெட்டைத் தொடாமல் சில விஷயங்களைப் பாருங்கள். உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் கூம்பு ஃபில்டர் மேல்தான். டயாஃப்ரம் வகை கார்புரேட்டரின் வாயில், ஃபில்டர் மாட்டும் பக்கத்தில், சிறு காற்றுத் துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று டயாஃப்ரத்துக்கு, அதாவது ஸ்லைடைத் தூக்கும் மெல்லிய ரப்பர் சவ்வுக்கு, காற்று கொடுப்பது. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு அதை மூடிவிட்டால் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) முழுக்க மேலே ஏறாது; எந்த ஜெட் போட்டாலும் முழு ஆக்சிலரேட்டரில் இழுவை வராது. ஃபில்டரைக் கழற்றி, துளை எதிரே ரப்பர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த இடத்தில் மட்டும் ரப்பரை வெட்டிவிடுங்கள். டயாஃப்ரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், இதே கோளாறுதான்.

அடுத்து பெட்ரோல் வரத்து. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, இன்ஜின் ஓடும்போது விடாமல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒரு நீரோட்டமாக வந்துவிட்டுச் சொட்டாக மாறினால் வாக்யூம் காக் (இன்ஜினின் உறிஞ்சலால் திறக்கும் பெட்ரோல் குழாய் வால்வு), அதன் குழாய், பெட்ரோல் ஃபில்டர், டாங்க் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றில் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது. சோதித்து முடித்ததும் திருகை இறுக்க மறக்காதீர்கள். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகக் கூடாது. வால்வ் இடைவெளியையும் இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்துவிடுங்கள். இந்த வகை இன்ஜினில் 0.10 மி.மீ. அளவு இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால் ஜெட்டுக்கு வரலாம். கைப்பிடியில் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் 'பாதி' என்று நினைப்பது பெரும்பாலும் முக்காலாக இருக்கும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, போக்குவரத்து இல்லாத சமதளத்தில் முழுக்கத் திருகி வேகம் நிலைத்ததும் எட்டில் ஒரு பங்கு மட்டும் விடுங்கள். வண்டி சட்டென்று வேகம் எடுத்தால் மெயின் ஜெட் சிறிது. இடறிக் கரகரத்தால் பெரிது. சற்றே வேகம் குறைந்தால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இன்னொரு சோதனை: ஃபில்டரின் கால் பங்கைச் சுற்றி டேப் ஒட்டி ஓட்டுங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. கூடினால் பெட்ரோல் மிகை.

95-இல் தொடங்கி ஒவ்வோர் அளவாகக் கீழே இறங்குங்கள். பெரிய ஜெட்டிலிருந்து சிறியதுக்கு வருவதே பாதுகாப்பு. மிகையாகப் போனால் பிளக் கறுக்கும், புகை வரும், அவ்வளவுதான். போதாமல் போனால் பிஸ்டன் உருகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டும் ரோலரும் (வேரியேட்டருக்குள் இருக்கும் எடைகள்) சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முழு ஆக்சிலரேட்டர் சரியான பிறகு கால் முதல் முக்கால் வரை பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், ஸ்லைடில் தொங்கும் ஊசியைப் பாருங்கள். ஊசியில் உயரத்தை மாற்றும் பள்ளங்கள் இல்லாவிட்டால் 0.5 மி.மீ. வாஷர் ஒன்றை அதன் தலைக்கு அடியில் போட்டு உயர்த்தலாம். ஊசி உயர்ந்தால் பெட்ரோல் கூடும்.

கேள்வி: வேறு கம்பெனி கார்புரேட்டருக்கான 90 ஜெட்டைப் போட்டால் முன்பு இருந்த 90 போல ஓடவில்லை. ஏன்?

பதில்: எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவில் எண் போடுவதில்லை. டெல்லார்ட்டோ விட்டத்தைக் குறிக்கிறது. மிக்குனியின் ஆறுமுக ஜெட்டில் எண் என்பது பாயும் அளவு. எண்ணை மட்டும் நம்பி ஒன்றுக்கு இன்னொன்று போடாதீர்கள். டியூனிங் செய்யும்போது ஒரே கம்பெனியின் ஒரே வரிசை ஜெட்டுகளையே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஜெட் மாற்றியதிலிருந்து ஐட்லிங் நிலையாக இல்லை. ரேஸ் கொடுத்துவிட்டால் இறங்கவே நேரம் ஆகிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பதில்: ரேஸ் மெதுவாக இறங்குவது பெட்ரோல் போதாததன் அடையாளம். ஜெட் மாற்றக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். எனவே முதலில் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் குழாயில்) காற்று கசிகிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் ஓடும்போது இணைப்பு ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். சைலன்சர் பக்கம் படக் கூடாது. ரேஸ் மாறினால் அங்கேதான் கசிவு. கசிவோடு மிக்ஸ்சரைத் திருகுவது வீண் வேலை.

கசிவு இல்லையென்றால், மிக்ஸ்சர் ஸ்க்ரூ இருக்கும் இடம் முக்கியம். ஸ்லைடுக்கு இந்தப் பக்கம், இன்ஜினை ஒட்டி இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்க ஸ்க்ரூவானால், மெதுவாக உள்ளே திருப்பி முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஸ்க்ரூவின் ஊசிமுனை கெட்டுவிடும். அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே எடுத்து, சூடான இன்ஜினில் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருங்கள். ரேஸ் மிக அதிகமாக இருக்கும் இடம்தான் சரியான இடம். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்கலாம். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தும் சரியாகவில்லை என்றால் பைலட் ஜெட்டை (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு ஜெட்) ஓர் அளவு பெரிதாக்குங்கள்; ஒரு சுற்றுக்குள்ளேயே அடங்கினால் சிறிதாக்குங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் 70 சி.சி. கிட். நீண்ட முழு வேக ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை பாதுகாப்புக்காக பெட்ரோலில் ஆயிலை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: ஆயில் அதிகமானால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் இங்கே ஆபத்தாக முடியும். 50-க்கு 1 கலவையில் 98 சதவீதம் பெட்ரோல். 25-க்கு 1 ஆக்கினால் 96 சதவீதம். ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோல் 2 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே பெட்ரோல் போதாத இன்ஜினுக்கு இன்னும் போதாது. ஆயில் விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

பிஸ்டனை எடுத்துப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் பெட்ரோல் அல்லது ஆயில் பற்றாக்குறை. நான்கு இடங்களில் செங்குத்தாகக் கோடு விழுந்திருந்தால், சூடாகும் முன்பே முழு வேகம் கொடுத்ததால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்திருக்கும். எந்த நிலையானாலும், புது பிஸ்டன் போட்ட பிறகு கிராங்க் சீல்களை (கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சோதிக்காமல் ஓட்டாதீர்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். சில நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். சீல் கசிந்தால் எந்த ஜெட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு பிளக் சோதனை. புது பிளக் மாட்டி, முழு ஆக்சிலரேட்டரில் ஒரு நிமிடம் ஓட்டி, கைப்பிடியை விடாமல் சாவியை அணைத்து நிறுத்துங்கள். ஐட்லிங்கில் ஓட விட்டால் நிறம் மாறிவிடும். பூதக்கண்ணாடியால் பீங்கானின் நுனியை அல்ல, அடிவட்டத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய பழுப்பு வளையம் வேண்டும். வெள்ளையாக இருந்து பளபளக்கும் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கிவிட்டது. உடனே ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்குங்கள்.

கேள்வி: ரோலரை முதலில் மாற்றுவதா, ஜெட்டையா?

பதில்: ஜெட்டை. ஸ்கூட்டரில் கியரைத் தானாக மாற்றும் வேரியேட்டர், ரோலர் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் ஏற்ப இன்ஜினை ஒரு சுழற்சியில் பிடித்து வைக்கிறது. கலவை தவறாக இருக்கும்போது எந்தச் சுழற்சியில் சக்தி உச்சம் என்பதே தெரியாது. ஜெட் சரியான பிறகு ரோலரை 0.5 கிராமாகக் குறையுங்கள். எடை குறைந்தால் சுழற்சி ஏறும். முடிந்ததும் மெயின் ஜெட்டை ஒருமுறை சோதியுங்கள். ஓர் அளவு மாற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: கையில் சரியான ஜெட் இல்லை. சிறியதை டிரில் பிட்டால் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டாம். துளையின் உள்பக்கம் வழவழப்பாகவும் நுழைவு விளிம்பு சரியான சாய்விலும் இருந்தால்தான் எண் சொல்லும் அளவு பாயும். டிரில் செய்த ஜெட் எவ்வளவு விடுகிறது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த அளவு எது என்று தீர்மானிக்கவும் முடியாது. அடைத்த ஜெட்டைக்கூட இரும்புக் கம்பியால் குத்தாமல், கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.