அடி விழுந்ததும் காது சிரிக்கும்: த்ரீ ஸ்டூஜஸ் கேள்வி பதில்

கே: த்ரீ ஸ்டூஜஸ் என்று பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். யார் இவர்கள்?

ப: அமெரிக்க நகைச்சுவை நடிகர்கள் மூவர்: மோ, லாரி, கர்லி. மோவும் கர்லியும் கூடப்பிறந்தவர்கள், லாரி வெளியாள். அமெரிக்க மேடைகளில் டெட் ஹீலி என்ற நகைச்சுவைக் கலைஞரிடம் அறை வாங்கும் எடுபிடிகளாக இருந்தார்கள். 1934-ல் அவரை விட்டு விலகி கொலம்பியா சினிமா கம்பெனியில் சேர்ந்தார்கள். 1959 வரை இந்தக் குழுவின் பெயரில் அங்கே 190 குறும்படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். குழாய் ரிப்பேர் பார்க்கப் போவார்கள்; இவர்கள் கிளம்பும்போது அந்த வீடு உருப்படியாக இருக்காது.

கே: ஒருத்தரை ஒருத்தர் இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடிகிறது? எனக்குப் பாவமாக இருக்கிறது.

ப: ஒன்று செய்து பாருங்கள். ஒரு சண்டைக் காட்சியைச் சத்தமே இல்லாமல் ஓட்டுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். அப்புறம் சத்தத்தை வைத்துப் பாருங்கள். கண்ணில் குத்தினால் உகுலேலே என்ற குட்டி கிட்டாரின் நரம்பைச் சுண்டியதுபோல் ‘டொய்ங்’. கன்னத்தில் அறைந்தால் சாட்டைச் சொடுக்கு. வயிற்றில் இடித்தால் பெரிய மேளம். தலையில் கொட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத மரக்கட்டையைத் தட்டிய ஓசை. நிஜ அடிக்கு இப்படியா சத்தம் வரும்? வலிக்கவில்லை என்று காது முதலில் சொல்லிவிடுகிறது, அதன் பிறகுதான் நாம் சிரிக்கிறோம். இந்த ஒலிகளைச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் கொலம்பியாவின் ஜோ ஹென்றி. என்னைக் கேட்டால் நாலாவது ஸ்டூஜ் அவர்தான். பேசும்படம் வந்திராவிட்டால் இந்தக் கூட்டணி இப்படி எடுபட்டிருக்காது.

கே: கண்ணில் குத்துவது நிஜமா சார்? என் பையன் தங்கச்சியிடம் செய்து பார்க்கிறான்.

ப: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மோவின் விரல்கள் புருவ எலும்பில்தான் படும், அதுவும் பல வருஷப் பழக்கம். ஒரு சீட்டாட்டத் தகராறில் மோவின் இன்னொரு சகோதரர் ஷெம்ப், லாரியின் கண்ணில் குத்தினாராம். அதைப் பார்த்துத்தான் தனக்கு இந்த யோசனை வந்தது என்று மோ சொல்லியிருக்கிறார்.

கே: முதலில் எதைப் பார்க்கலாம்?

ப: ‘பஞ்ச் ட்ரங்க்ஸ்’, 1934. லாரி வயலினில் ஒரு குறிப்பிட்ட பாட்டை வாசித்தால் கர்லிக்கு வெறி பிடித்து எதிரே நிற்பவனை அடித்து நொறுக்குவார். மோ அவரைக் குத்துச்சண்டைக்குக் கொண்டுபோவார். பந்தயத்தின் நடுவே வயலின் உடைந்துவிடும். அதே பாட்டு வேறெங்கே கிடைக்கும் என்று லாரி தெருத்தெருவாக ஓடுவார். கடைசியில் ஒலிபெருக்கி வண்டியையே சுவரை இடித்துக்கொண்டு உள்ளே கொண்டுவந்துவிடுவார். கதையே சத்தத்தால் நடக்கிறது, கவனியுங்கள். லாரி வயலினை நிஜமாகவே வாசிப்பவர். அவருடைய அப்பா நகைக்கடைக்காரர். சின்ன வயதில், தங்கம் சோதிக்கும் அமிலம் கொட்டி லாரியின் கை வெந்துபோனது. அந்தக் கை பலப்படத்தான் வயலினில் போட்டார்கள்.

கே: ஹிட்லரைக் கிண்டல் செய்தார்களா?

ப: ஆமாம், 1940 ஜனவரியிலேயே. ஹிட்லரைக் கிண்டல் செய்த சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படம் அக்டோபரில்தான் வந்தது.

கே: கர்லி ஏன் திடீரென்று காணாமல் போனார்?

ப: 1946 மே மாதம், ஒரு படத்தின் கடைசிக் காட்சிக்காக, ‘பை’ என்ற கிரீம் பண்டத்தை வீசி அடிக்கும் சண்டைக்கு, அவரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மோ போய்ப் பார்த்தபோது தலை மார்பில் சாய்ந்திருந்தது. பக்கவாதம். அந்தக் காட்சியை அவர் இல்லாமலே எடுத்து முடித்தார்கள். அவருடைய இடத்துக்கு ஷெம்ப் வந்தார். 1952-ல் கர்லி இறந்தபோது வயது 48. ஆனால் 1947-ல் வந்த ‘ஹோல்ட் தட் லயன்’ படத்தில் ஒரு ரயில் காட்சி உண்டு, தவறவிடாதீர்கள். முகத்தைத் தொப்பி மூடியிருக்க ஒரு பயணி குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மற்ற மூவரும் தொப்பியைத் தூக்கிப் பார்ப்பார்கள். மொட்டைத் தலையில் முடி வளர்ந்த கர்லி, மூக்கில் துணி உலர்த்தும் கிளிப்போடு.