நீங்களும் கட்டியிருக்கீங்க – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க சைட்டை நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. நான் 2009ல லண்டன் வந்தேன், ஐடி வேலை, ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம். போன அக்டோபர்ல ஆபீஸ்ல பிளாக் ஹிஸ்டரி மன்த்துக்கு ஒரு மீட்டிங் வச்சாங்க, அதுல ஒருத்தர் அடிமை முறைக்காக கரீபியன் நாடுகளுக்கு பிரிட்டன் நஷ்டஈடு தரணும்னு பேசினார். நான் கை தூக்கி, "200 வருஷத்துக்கு முன்னாடி யாரோ செஞ்சதுக்கு என் வரிப்பணம் ஏன் போகணும், நானே இந்தியாவுலருந்து வந்தவன், எங்களையும்தான் இவங்க ஆண்டாங்க, எங்களுக்கு யார் குடுத்தா"ன்னு கேட்டேன். என் டீம்லயே ஒரு பொண்ணு இருக்காங்க, தாத்தா பாட்டி ஜமைக்கால இருந்து வந்தவங்க. அதுக்கப்புறம் அவங்க என்கிட்ட சரியா பேசறதில்ல. நான் கேட்டதுல என்ன சார் தப்பு? யார் குடுக்கணும், யாருக்கு குடுக்கணும், எவ்வளவுன்னு எப்படி கணக்கு போடுறது? நம்ம ஊர் ரிசர்வேஷன் மாதிரி இது முடிவே இல்லாம போகாதா? இத்தனை வருஷம் கழிச்சு காசு குடுத்து என்னதான் மாறிடும்? மழுப்பாம பதில் சொல்லுங்க.

ஆர், லண்டன்

அன்புள்ள ஆர்,

உங்க லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. உடனே எழுதியிருந்தா கொஞ்சம் சூடா எழுதியிருப்பேன், அதான் ஆறப் போட்டேன். நீங்க கேட்டது தப்பான கேள்வி இல்லைங்க, வரி கட்டுற யாரும் கேக்கலாம். ஆனா ஒரு விஷயம் தெரியாம கேட்டுட்டீங்க. அந்த நஷ்டஈட்டை நீங்க ஏற்கனவே கட்டியாச்சு. ஆறு வருஷம் கட்டியிருக்கீங்க.

1833ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் அடிமை முறையை ஒழிக்கிற சட்டத்தை பாஸ் பண்ணுச்சு. அந்த சட்டத்துலயே நஷ்டஈடும் இருந்துச்சு, 2 கோடி பவுண்டு, அன்னிக்கு அரசாங்கத்தோட ஒரு வருஷ செலவுல 40 சதவீதம். யாருக்குன்னு நினைக்கிறீங்க? ஓனர்களுக்கு. "எங்க சொத்து போச்சே"ன்னு அழுதவங்களுக்கு. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னி கிடையாது. அவ்வளவு பணம் கையில இல்லாம 1835ல ராத்சைல்ட்ங்கிற பேங்க் முதலாளியோட குழுகிட்ட ஒன்றரை கோடி பவுண்டு கடன் வாங்கினாங்க. அந்தக் கடன் வேற வேற கடன் பத்திரமா மாறி மாறி ஓடி, கடைசியா தீர்ந்தது 2015ல. 2018ல ஒரு வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் நிதி அமைச்சகமே ட்விட்டர்ல இதை ஏதோ சுவாரசியமான துணுக்கு மாதிரி போட்டு, உங்க வரியால அடிமை வியாபாரத்தை முடிக்க நீங்கல்லாம் உதவியிருக்கீங்கன்னு பெருமைப்பட்டுச்சு, ஜனங்க காறித் துப்பினதும் அவசரமா எடுத்துட்டாங்க.

இப்ப உங்க சம்பள ஸ்லிப்பை எடுத்து வச்சு யோசிங்க, 2009ல இருந்து 2015 வரைக்கும் பிடிச்ச வரில ஒரு துளி, ஜமைக்காவுல மனுஷங்களை வச்சிருந்தவனுக்காக வாங்கின கடனுக்குப் போயிருக்கு. நீங்களாவது 2009ல வந்தவர். அந்தப் பொண்ணோட தாத்தா பாட்டி, லண்டன் பஸ்லயோ ஆஸ்பத்திரிலயோ இல்ல வேற எங்கயோ வேலை பாத்தவங்க, அவங்க கட்டின வரிலயும் அது போயிருக்கு. அதாவது தன்னோட முன்னோர்களை அடிமையா வச்சிருந்தவனுக்குக் குடுத்த பணத்தை அந்தக் குடும்பமே அடைச்சிருக்கு. மீட்டிங்ல "என் வரிப்பணம்"னு நீங்க சொன்னப்ப அவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எப்படி கணக்கு போடுறதுன்னு கேட்டீங்களே, அதுல எனக்கு சிரிப்பே வருது. ஓனர்களுக்குக் குடுக்கணும்னதும் கணக்கு என்ன அழகா வந்துச்சு தெரியுமா? லண்டன்ல ஒரு கமிஷன் உக்காந்துச்சு, சுமார் 46,000 க்ளெய்ம் வந்துச்சு, ஒவ்வொரு காலனியிலும் அடிமை என்ன விலைக்குப் போனான்னு 1822லருந்து 1830 வரைக்குமான விற்பனை விலையை எடுத்து சராசரி பிடிச்சாங்க, அதை வச்சுக் குடுத்தது ஜமைக்காவுல தலைக்கு 20 பவுண்டு பக்கம், பிரிட்டிஷ் கயானாவுல 50க்கு மேல. வயல்ல வேலை செய்றவனுக்கு ஒரு ரேட், தச்சனுக்கு ஒரு ரேட், வயசானவங்களுக்கு ஒண்ணு, ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கும் ஒரு ரேட். ரெண்டே ரெண்டு அடிமை வச்சிருந்த விதவையம்மா வரைக்கும் ஃபார்ம் ஃபில் பண்ணி வாங்கினாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, கடல் தாண்டி, எல்லாம் முடிஞ்சுது. இன்னிக்கு மட்டும் கணக்கு போடவே முடியாதாம்.

இதுக்கு மேல இன்னொரு கூத்து. 1834 ஆகஸ்ட் 1 விடுதலைன்னு அறிவிச்சாங்க, ஆனா ஆறு வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்குத்தான் உண்மையான விடுதலை, மத்தவங்க பெரும்பாலும் "அப்ரென்டிஸ்", அதாவது தொழில் பழகுறவங்கன்னு பேர், அதே ஓனர்கிட்ட வாரம் 45 மணி நேரம் கூலி இல்லாம உழைக்கணும், வயல்ல இருக்கிறவங்க ஆறு வருஷத்துக்கு. ட்ரினிடாட்ல கவர்னர் மாளிகை முன்னாடி கிழவங்க கிழவிங்கல்லாம் கூடி "ஆறு வருஷம் வேணாம்"னு கத்தியிருக்காங்க. கடைசியில நாலு வருஷத்துல, 1838ல, அதை நிறுத்தினாங்க. அப்ப ஓனருக்கு பணமும் வந்தது, நாலு வருஷ ஓசி உழைப்பும் வந்தது.

அடிமை பக்கத்துலருந்து கணக்கு போட்டவரும் ஒருத்தர் இருக்கார், ஆனா அவர் அமெரிக்கா. ஜோர்டன் ஆண்டர்சன்னு பேர். உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் டென்னசில இருந்த அவரோட பழைய எஜமான், ஒரு கர்னல், திரும்பி வந்து வேலை செய், நல்லா கவனிச்சுக்கறேன்னு லெட்டர் போட்டிருக்கான். 1865 ஆகஸ்ட்ல ஒஹாயோவில இருந்து இவர் சொல்லச் சொல்ல எழுதின பதில் பேப்பர்லயே வந்துச்சு. ரொம்ப மரியாதையா எழுதுறார், வர்றோம், ஆனா நீங்க நியாயமானவர்தானான்னு ஒரு டெஸ்ட் பண்ணிக்கறோம், எங்க பழைய கூலியை அனுப்புங்க, நான் 32 வருஷம் உழைச்சேன், என் பொண்டாட்டி மாண்டி 20 வருஷம், எனக்கு மாசம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர், ஆக 11,680 டாலர். நானும் செல்போன் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், 9,600ம் 2,080ம், சரியா வருது. அதோட விட்டாரா? வட்டியைச் சேத்துக்குங்க, நீங்க குடுத்த துணிமணி, எனக்காக டாக்டர் மூணு தடவை வந்தது, மாண்டிக்கு ஒரு பல்லு பிடுங்கினது, இதையெல்லாம் கழிச்சுக்குங்கன்னு எழுதுறார். பல்லு பிடுங்கின செலவைக் கழிச்சுக்கோன்னு சொல்ற மனுஷன் பிச்சை கேக்கலைங்க. கடைசி வரில, நீங்க என்னைச் சுட்டுட்டு இருந்தப்ப உங்க கையிலருந்து துப்பாக்கியைப் பிடுங்கின ஆளுக்கு என் நன்றியைச் சொல்லிடுங்கன்னு முடிக்கிறார்.

யார் குடுக்கணும்னா, அரசாங்கம். 1835ல வாங்கின கடனை 2015 வரைக்கும், நடுவுல ரெண்டு உலகப் போர் வந்தும், நாணயமா சுமந்த அதே அரசாங்கம். இதுல எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. எங்கப்பா வேலை பாத்த மில்லை ஒரு தீபாவளிக்கு முன்னாடி மூடிட்டாங்க, செட்டில்மென்ட் கைக்கு வர 14 வருஷம் ஆச்சு. அதுக்குள்ள முதலாளி போய்ச் சேர்ந்துட்டார், மகன் வந்து "மூடினது எங்கப்பா, எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்"னு நின்னார். மில் நிலத்தை வித்த காசு மட்டும் சம்பந்தத்தோட அவர் அக்கவுன்ட்டுக்குப் போயிருந்துச்சு. எங்க வீட்ல யாரும் அதை உதவின்னோ நஷ்டஈடுன்னோ சொன்னதில்ல, அப்பாவோட பாக்கின்னுதான் சொல்லுவோம்.

யாருக்குங்கிறதுதான் நிஜமாவே கஷ்டமான கேள்வி, ஒத்துக்கறேன். ஆளுக்கு ஒரு செக்குங்கிறது எனக்கும் முழுசா பிடிபடல. யார் வாரிசு, பாதி வாரிசுன்னா எவ்வளவுன்னு ஆரம்பிச்சா ரத்தத்தை அளக்கிற வேலையா போயிடும். ஆனா கரீபியன் நாடுகள் கேக்கறது அது இல்ல. காரிகாம் கூட்டமைப்பு 2014ல பத்து அம்சத் திட்டம்னு ஒண்ணு வச்சாங்க, அதுல முறையான மன்னிப்பு, கடன் தள்ளுபடி, எழுத்தறிவு, தொழில்நுட்பம்னு போகுது, பொது சுகாதாரமும் ஒரு அம்சம், ஏன்னா அங்க ரத்தக் கொதிப்பும் சுகரும் அவ்வளவு மோசம். அரசாங்கம் அரசாங்கத்துக்கிட்ட கேக்கறது. உங்க ஆபீஸ்ல பேசினவர் இதைத்தான் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன், நீங்க செக்புக்கை மனசுல வச்சுக்கிட்டு கேட்டுட்டீங்க.

காசு குடுத்து என்ன மாறும்னா, ஒரே ஒரு ஆளைச் சொல்றேன். ஹென்ரியட்டா வுட். அடிமையா பிறந்து, 1848ல சின்சினாட்டில விடுதலையானவங்க, 1853ல ஏமாத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம், அடிமை முறை இருந்த கென்டக்கிக்குக் கூட்டிட்டுப் போய் மறுபடி வித்துட்டாங்க. போர் முடிஞ்சப்புறம் திரும்பி வந்து, கடத்தினதுல சம்பந்தப்பட்டவன் மேல 20,000 டாலருக்கு கேஸ் போட்டாங்க, 1878ல 2,500 டாலர் தீர்ப்பாச்சு. கேட்டதுல எட்டுல ஒரு பங்கு. ஆனா அவங்க மகன் சட்டம் படிச்சு சிகாகோவில வக்கீல் ஆனார். அவ்வளவுதான், ஒரு தலைமுறை. அந்தப் பக்கம் ஹைட்டியைப் பாருங்க, அடிமைங்களே சண்டை போட்டு வாங்கின சுதந்திரத்துக்கு 1825ல பிரான்ஸ் போர்க்கப்பலோட வந்து 15 கோடி ஃபிராங்க் கேட்டுச்சு, பிறகு 9 கோடியா குறைச்சாங்க, அதுக்காக வாங்கின கடனெல்லாம் 1947 வரைக்கும் இழுத்துச்சு. காசால ஒண்ணும் மாறாதுன்னா ஹைட்டி இப்படி ஆகியிருக்கக் கூடாதே.

ரிசர்வேஷனை இதுல இழுக்காதீங்க, அது பிரதிநிதித்துவம், அதுல யாரோட கூலி பாக்கியும் தீரல. அடிமை முறைன்னா நம்ம பக்கம் நடந்தது வேற. 1833 சட்டத்துலயே கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் விலக்கு குடுத்துட்டாங்க, இங்க 1843ல ஒரு குட்டிச் சட்டம் வந்துச்சு, இனிமே ஒருத்தன் இன்னொருத்தனோட அடிமைன்னு கோர்ட் ஏத்துக்காதுன்னு. அவ்வளவே. பணமும் இல்ல, நிலமும் இல்ல, தஞ்சாவூர் வயல்ல பண்ணையாள் அடுத்த நாளும் அதே வரப்புல நின்னான்.

"எங்களுக்கு யார் குடுத்தா"ன்னு கேட்டீங்க. இதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ஜான் கிளாட்ஸ்டன்னு லிவர்பூல் வியாபாரி, பின்னாடி பிரதமர் ஆனாரே கிளாட்ஸ்டன், அவரோட அப்பா. 2,000த்துக்கும் மேற்பட்ட அடிமைங்களுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல வாங்கினவர். அடிமைங்க கைவிட்டுப் போகப் போறாங்கன்னதும் 1836 ஜனவரில கல்கத்தாவுல இருந்த ஒரு வியாபாரக் கம்பெனிக்கு லெட்டர் போட்டு ஆள் கேட்டார். 1838 மே மாசம் விட்பி, ஹெஸ்பரஸ்னு ரெண்டு கப்பல் கயானாவுல போய் நின்னுச்சு, ஒப்பந்தக் கூலியா இறங்கினது 396 இந்தியர்கள், சோட்டா நாக்பூர் பக்கத்து மலைவாசிகள் உட்பட. பழைய அடிமைங்க இருந்த எஸ்டேட்ல, அவங்க இடத்துல. பின்னாடி மெட்ராஸ்லருந்தும் கப்பல் போச்சு, அவங்களை அங்க இன்னிக்கும் மதராஸின்னுதான் சொல்றாங்க, மாரியம்மா பூஜை இன்னிக்கும் நடக்குது. 2023ல கிளாட்ஸ்டன் வம்சத்து ஆளுங்க கயானா போய் மன்னிப்பு கேட்டு, அங்க இருக்கிற யுனிவர்சிட்டிக்கு ஒரு லட்சம் பவுண்டு குடுத்தாங்க. அன்னிக்கு வாங்கினதும் ஒரு லட்சம், இன்னிக்கு குடுக்கறதும் ஒரு லட்சமான்னு எனக்குத் தோணுச்சு, சரி, அது என் வாய்க்கொழுப்பு.

அதனால உங்க கணக்கும் அந்தப் பொண்ணோட கணக்கும் ஒரே பேரேட்டுல அடுத்தடுத்த பக்கம். மொரீஷியஸ்ல இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க, 2009ல உண்மைக்கும் நீதிக்கும் ஒரு கமிஷன் போட்டு அடிமை முறை, ஒப்பந்தக் கூலி ரெண்டையும் சேத்தே விசாரிச்சு 2011ல ரிப்போர்ட் குடுத்தாங்க. ரொம்ப சுத்தமானவங்க மாதிரி நாமளும் நிக்க முடியாது, 18ஆம் நூற்றாண்டுல அதே தீவுக்கு நம்ம கரையிலருந்து அடிமையா போனவங்களும் இருக்காங்க, சுதந்திரமா போய் அடிமை வாங்கி வச்சுக்கிட்ட மலபாரிகளும் இருக்காங்க. மலபாரின்னு ஃபிரெஞ்சுக்காரன் சொன்னது பெரும்பாலும் தமிழனைத்தான்.

அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறதா வேணாமாங்கிறது உங்க ரெண்டு பேர் விஷயம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரங்க அந்த க்ளெய்ம் எல்லாத்தையும் தொகுத்து ஒரு டேட்டாபேஸ் போட்டிருக்காங்க, ஃப்ரீதான். எஸ்டேட், ஓனர் பேர், எத்தனை தலை, பவுண்டு ஷில்லிங் பென்ஸ் வரைக்கும் இருக்கு, அந்த ஓனருங்க பிரிட்டன்ல எந்தத் தெருவுல இருந்தாங்கன்னு மேப்பும் இருக்கு. நான் ஒரு ராத்திரி உக்காந்து பாத்துட்டு இருந்தேன், விடிஞ்சது தெரியல. உங்க ஆபீஸ் எந்தத் தெருன்னு நீங்க எழுதல, அதையும் போட்டுப் பாருங்க.

அன்புடன்.