பிப்ரவரி 16-ல் ரஷ்யா உக்ரைனைத் தாக்கும் என்று அமெரிக்கத் தரப்பில் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லையே? இப்படித் தேதியோடு வரும் போர்ச் செய்திகளை எப்படி எடைபோடுவது?

2022-ல் அந்தத் தேதி தப்பியது உண்மைதான். ஆனால் எட்டே நாளில், 24-ஆம் தேதி விடியற்காலையில் போர் தொடங்கிவிட்டது. அதனால் இந்த மாதிரிச் செய்தியில் முதலில் கழித்துவிட வேண்டியது தேதியைத்தான். தாக்கும் நாளைத் தலைமை கடைசி நேரத்தில்கூடத் தள்ளிப்போடலாம். படை நிற்கும் நிலையை ஒரே இரவில் மாற்ற முடியாது.

மக்கள் நம்பாததில் தப்பில்லை. 2003-ல் இராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொன்னதும் இதே அமெரிக்காதான். 2021 ஏப்ரலில் எல்லையில் பெரும்படையைக் குவித்த ரஷ்யா, படையைத் திரும்ப அழைப்பதாக அந்த மாதமே அறிவித்தது. பிரெஞ்சு உளவுத்துறையும் போர் வராது என்றே கணித்திருந்தது. உக்ரைனைப் பிடிக்கக் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம் என்பது அவர்கள் வாதம். விலை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. எதிர்த்தரப்பும் அதே கணக்கைத்தான் போடும் என்று நம்பியதில்தான் சறுக்கினார்கள்.

கவனிக்க வேண்டியது, வெறும் மிரட்டலுக்காக யாரும் செலவழிக்காத பொருட்களை. டாங்கியும் பீரங்கியும் மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும். பயமுறுத்தவும் அது போதும். ரத்தம் அப்படியில்லை. சிவப்பணுக்களைப் பிரித்து 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் சுமார் 42 நாள்தான் தாங்கும், பிறகு கொட்ட வேண்டியதுதான். 2022 ஜனவரி கடைசியில் ரஷ்யப் படை ரத்தமும் மருத்துவப் பொருட்களும் சேர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியபோது, உக்ரைன் துணைப் பாதுகாப்பு அமைச்சரே அதை மறுத்தார். பிப்ரவரி நடுவில், உக்ரைனை ஒட்டிய பெலாரஸில், செர்னோபிலுக்கு வடக்கே பிரிபியாத் ஆற்றின்மேல் மிதவைப் பாலம் போட்டிருப்பது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. என் கணிப்பில், நூறு அதிகாரிகளின் பேட்டியைவிட இந்த இரண்டுக்கும் எடை அதிகம்.

அடுத்து காப்பீடு. பிப்ரவரி 14 வாக்கில், உக்ரைன் வான்வெளியில் பறக்கும் விமானங்களுக்கான காப்பீட்டை நிறுவனங்கள் விலக்கத் தொடங்கின. உக்ரைன் அரசே சுமார் 59 கோடி டாலர் ஒதுக்கி உத்தரவாதம் தர வேண்டி வந்தது. சொந்தப் பணத்தைப் பணயம் வைப்பவர்கள் வதந்திக்கு எளிதில் அசைவதில்லை. ஆனாலும் அவர்கள் அளப்பது ஆபத்தைத்தான், தாக்குதல் நிச்சயம் என்று அதற்கு அர்த்தமில்லை.

'படை திரும்புகிறது' என்ற செய்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 15-ஆம் தேதி ரஷ்யா அப்படித்தான் அறிவித்தது, டாங்கிகளை ரயிலில் ஏற்றும் காட்சியும் வந்தது. ஏற்றியதைக் காட்டினால் போதாது, முகாமில் போய் இறங்கியது தெரிய வேண்டும். ரஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்து நடத்திய போர்ப் பயிற்சி 20-ஆம் தேதி முடிய வேண்டியது, அன்றைக்கே நீட்டித்தார்கள்.

அந்த நாட்டில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. அவர் போர் வருமா என்று தீர்மானிக்கத் தேவையில்லை. வெளியேறும் வழி எதுவரை திறந்திருக்கும் என்று பார்த்தால் போதும். அவசியமில்லாதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று இந்தியத் தூதரகம் 15-ஆம் தேதியே சொன்னது. வருகைப்பதிவு போய்விடும் என்று தயங்கியவர்கள் பலர். 24-ஆம் தேதி வான்வெளியை மூடியதும் மிஞ்சியது போலந்து, ருமேனியா, ஹங்கேரி போன்ற அண்டை நாடுகளின் எல்லைகளுக்கான தரைவழிதான். எல்லையிலேயே நாள்கணக்கில் குளிரில் நிற்க வேண்டியிருந்தது.