கண்மாய் மடை உடைந்தால் எந்த அமைச்சருக்கு எழுதுவது?

மேலூர் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கண்மாயில் மடை உடைந்து, இரண்டு வருஷ வெள்ளாமை போய்விட்டது. மதுரைக்கு வந்த அமைச்சர் ஒருவரிடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. நம் மாவட்டத்து அமைச்சரால் ஏன் இதைச் செய்ய முடியாது? அமைச்சர்களையும் துறைகளையும் யார், எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள்? ஆட்சி மாறினால் எங்கள் மனு குப்பைக்குப் போய்விடுமா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: போகாது. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

'மதுரை அமைச்சர்' என்று ஒரு பதவி அரசியலமைப்பில் கிடையாது. மதுரையில் ஜெயித்து அமைச்சரானவர் இருப்பார். மாவட்டத்துக்குப் 'பொறுப்பு அமைச்சர்' என்று அரசு அறிவித்த ஒருவரும் இருப்பார். இந்தப் பொறுப்பு, திட்டப் பணிகளையும் வெள்ள நிவாரணம் போன்றவற்றையும் மேற்பார்வை பார்க்க அரசு தன் வசதிக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அவர் கலெக்டரோடு உட்கார்ந்து ஆய்வுக் கூட்டம் நடத்தலாம், அதிகாரிகளை முடுக்கலாம். இன்னொருவர் துறையின் கோப்பில் உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. மனுவை உரிய துறைக்கு அனுப்பியதாகக் கடிதம் வந்ததும் இதனால்தான்.

நம்ம ஊர்க் கணக்கையே பாருங்கள். 2011 முதல் 2021 வரை செல்லூர் ராஜு கூட்டுறவு அமைச்சர். 2016 முதல் 2021 வரை திருமங்கலம் ஆர்.பி. உதயகுமார் வருவாய்த்துறை. 2021-இல் மதுரை கிழக்கு மூர்த்தி வணிகவரி, பதிவுத்துறை. மதுரை மத்தி பழனிவேல் தியாகராஜன் நிதி. இவர்களில் யார் கையிலும் கண்மாய் இல்லை. 2017-இலிருந்து 2021 வரை பொதுப்பணித் துறையை முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தன்னிடமே வைத்திருந்தார். 2021-இல் நீர்வளத்துறையைத் தனியாகப் பிரித்து, காட்பாடி துரைமுருகனிடம் கொடுத்தார்கள். அதாவது மேலூர்க் கண்மாய்க்கு உரிய அமைச்சர் ஒரு காலத்தில் சேலத்துக்காரர், இன்னொரு காலத்தில் வேலூர்க்காரர். துறையும் ஊரும் ஒரே ஆளிடம் சேர்ந்த காலமும் உண்டு. மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைப் பார்த்தார். வைகை அணை திறக்கப்பட்டது அப்போதுதான், 1959-இல். ஆனால் அப்படிச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சரி, அமைச்சரவை எப்படி உருவாகிறது? தேர்தல் முடிந்ததும் பெரும்பான்மை பெற்ற கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஆளுநரைப் பார்த்து ஆட்சியமைக்க உரிமை கோருவார். அரசியலமைப்பின் 164-ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிக்கிறார். பட்டியல் போடுவது முதலமைச்சர், ஆணை பிறப்பித்துப் பதவிப் பிரமாணமும் ரகசியக் காப்புப் பிரமாணமும் செய்து வைப்பது ஆளுநர். இந்த ஆலோசனையை ஆளுநர் தட்ட முடியுமா என்ற சண்டை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொன்முடியை மறுபடி அமைச்சராக்க ஆளுநர் மறுத்தார்; நீதிமன்றம் கண்டித்த பிறகு மார்ச் 22 அன்று பதவிப் பிரமாணம் நடந்தது.

எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாமா என்றால், முன்பு கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தம் அதற்குக் கடிவாளம் போட்டது. முதலமைச்சரையும் சேர்த்து, சட்டப்பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சின்ன மாநிலமாக இருந்தாலும் 12-க்குக் குறையக்கூடாது. நமக்கு 234 இடம் என்பதால் உச்சவரம்பு 35. 2021 மே 7 அன்று முதலமைச்சரையும் சேர்த்து 34 பேர் பதவியேற்றார்கள். 2022 டிசம்பரில் உதயநிதி சேர்ந்ததும் 35 ஆகிவிட்டது. 2023 மே மாதம் டி.ஆர்.பி. ராஜாவைச் சேர்க்க வேண்டி வந்தபோது நாசர் வெளியே போனார். டீக்கடையில் இதற்கு நூறு அரசியல் காரணம் சொல்வார்கள், அதில் சிலது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர் வெளியே போகாமல் இன்னொருவர் உள்ளே வரவே முடியாத நிலை அது. சமூகம், மாவட்டம், கட்சிக்குள் மூத்தவர் இளையவர் என்று எல்லாவற்றையும் இந்த 35-க்குள் அடக்க வேண்டும். அதனால்தான் சில மாவட்டத்துக்கு இரண்டு பேர் கிடைக்கிறார்கள், சில மாவட்டத்துக்கு ஒருவரும் கிடைப்பதில்லை. மாவட்டத்துக்கு ஒருவர் என்று கேட்க சட்டத்தில் இடமில்லை.

அமைச்சராகப் பதவியேற்கும்போது எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், அவ்வளவுதான். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது எம்.எல்.ஏ. இல்லை, பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்தார். இப்போது மேலவையும் இல்லை, 1986-இலேயே கலைத்துவிட்டார்கள். ஆகவே வழி சட்டப்பேரவைத் தேர்தல் ஒன்றுதான். தேர்தலில் நிற்கவே தகுதியிழந்தவருக்கு இந்த ஆறு மாதச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2001 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதில் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாமல் போய், பெரியகுளம் ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

துணை முதலமைச்சர் பற்றி அரசியலமைப்பில் ஒரு வரி கூடக் கிடையாது. மரியாதை உண்டு, கட்சிக்குள் கனம் உண்டு. சட்டப்படி அவரும் ஓர் அமைச்சர். அவர் அதிகாரம் அவர் வைத்திருக்கும் துறைகளில் இருக்கிறது.

இனி உங்கள் மனுவுக்கு நேராகத் தொடர்புள்ள விஷயம். துறைகளைப் பிரிக்கும் முறை 166-ஆவது பிரிவின்படி செய்த அரசு அலுவல் விதிகளில் இருக்கிறது. எந்தப் பொருள் எந்தத் துறையில், எது அமைச்சர் அளவில் முடியும், எது முதலமைச்சருக்கு அல்லது அமைச்சரவைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அதில்தான் வரும். துறைகளை ஒதுக்குவது நடைமுறையில் முதலமைச்சர் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2023 மே மாதம் பழனிவேல் தியாகராஜன் நிதியிலிருந்து தகவல் தொழில்நுட்பத்துக்கு மாறினார். திருச்சுழி தங்கம் தென்னரசு நிதிக்கு வந்தார். நிதித்துறைக் கோப்பு எதுவும் பழையவரோடு கிளம்பிப் போகவில்லை. கோப்பு துறையின் சொத்து, செயலாளரின் பொறுப்பில் இருப்பது. அரசாணையைப் பார்த்திருப்பீர்கள்: 'ஆளுநரின் ஆணைப்படி' என்று எழுதி, கீழே செயலாளர் பெயர் இருக்கும். அமைச்சர் பெயர் இருக்காது. ஆட்சியே மாறினாலும் உங்கள் மனு எண்ணோடு அங்கேயே கிடக்கும். கிடக்கும் என்பதுதான் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். யாராவது அந்த எண்ணைச் சொல்லித் தட்டியெழுப்ப வேண்டும்.

உரிய துறை அமைச்சரே மனசு வைத்தாலும் அடுத்த வாசல் நிதித்துறை. செலவு பெரிதாக இருந்தால் நிதித்துறை இசைவு இல்லாமல் அரசாணை வராது. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்பதால், ஓர் அமைச்சர் மேடையில் வாக்குக் கொடுத்துவிட்டு நிதி அமைச்சர் தடுத்தார் என்று கைகழுவ முடியாது. கைகழுவுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதனால் அமைச்சரைத் தேடும் முன் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத்துறைக் கண்மாய். அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். அது ஊரக வளர்ச்சித் துறை, வேறு அமைச்சர். பெரியார் கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாய் என்றால் இந்த ஏக்கர் கணக்கை மட்டும் நம்பாமல், யார் பராமரிப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கம் பலர் குழம்புகிற இடம் இது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலே ஆயக்கட்டு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கண்மாய்க்குள் ஆக்கிரமிப்பு இருந்தால் அளந்து காட்டுவது வருவாய்த்துறை. மடை, கரை, கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்), ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால் அது மூன்று துறைகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருக்கும். மடைக்குத் தனி மனு கொடுங்கள்.

நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் முதல் மனு அமைச்சருக்கு வேண்டாம் என்பேன். அந்தப் பகுதி உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்து, செயற்பொறியாளர் வழியாக மேலே அனுப்பினால்தான் சென்னையில் யாரும் எதிலும் கையெழுத்துப் போட முடியும். மாதா மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்; அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் இருப்பார்கள். ஒன்றியக் கண்மாய் என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போங்கள். மதிப்பீடு மேலே போய்விட்டது என்று உறுதியான பிறகு துறை அமைச்சருக்கு எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், 'மாண்புமிகு நீர்வளத்துறை அமைச்சர், தலைமைச் செயலகம், சென்னை 600 009' என்று பதவிக்கே எழுதுங்கள். நாளைக்கு அமைச்சர் மாறினாலும் கடிதம் அதே அறைக்குப் போகும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஒரு பிரதி கொடுத்து, பேரவையில் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது) விவாதம் வரும்போது கேட்கச் சொல்லுங்கள். மாவட்டத்து அமைச்சரும் இந்தக் கட்டத்தில்தான் உதவுவார். சக அமைச்சரிடம் ஒரு வார்த்தை சொல்வதில் அவருக்கு நஷ்டமில்லை.

ஏற்கனவே வந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் தலையில் ந.க. எண் என்று கோப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி, எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள், இப்போது என்ன நிலை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும்.