வீட்டு மர வேலைக்கு சர்க்குலர் சா: எதைப் பார்த்து வாங்கினால் பல வருஷம் உழைக்கும்?

கேள்வி: வீட்டுக்கு வேண்டிய அலமாரி, பெஞ்ச், கட்டில் எல்லாம் நானே செய்ய ஆசை. நீண்ட நாள் உழைக்கிற சர்க்குலர் சா (வட்ட பிளேடு சுற்றி மரம் அறுக்கிற கை மிஷின்) எது வாங்கலாம்? தெரிந்த ஆசாரி ஒருவர், "மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டிக்கோங்க, அது போதும்" என்கிறார். அது சரியா?

முதலில் ஆசாரி சொன்னதைப் பார்த்துவிடுவோம். இன்டீரியர் வேலை நடக்கிற வீடுகளில் 4 இன்ச் மார்பிள் கட்டரில் பல் பிளேடை மாட்டி பிளைவுட் கிழிப்பது சர்வ சாதாரணம். மிஷின் சின்னது, கைக்கு அடக்கம், விலையும் குறைவு. தினமும் அதையே பிடிப்பவருக்குக் கை பழகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் லீவு நாளில் மட்டும் மரத்தைத் தொடுகிற ஒருவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

அது கல் அறுக்கச் செய்த மிஷின். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். சர்க்குலர் சா பெரும்பாலும் 5,000 முதல் 6,000 சுற்றுதான். கல்லுக்கான டைமண்ட் பிளேடில் பல் கிடையாது, அது தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்கும். எதையும் கவ்வி இழுக்காது. அதே வேகத்தில் பல் வைத்த பிளேடை ஓடவிட்டால் கதையே வேறு. அதோடு, மார்பிள் கட்டரில் மேலே மட்டும்தான் கவர். அடியில் பிளேடு திறந்தே கிடக்கும். சர்க்குலர் சாவில் மரத்தைத் தாண்டி வெளியே வந்ததுமே அடி கவர் ஸ்பிரிங்கில் டக்கென்று மூடிக்கொள்ளும். சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில வினாடி சுற்றும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கவரின் அருமை புரியும். இன்னொன்று, மார்பிள் கட்டர் ஒரே வெட்டில் சுமார் 32 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். 18 மில்லி பிளைவுட்டுக்குச் சரி, இரண்டு இன்ச் சட்டத்துக்குப் பத்தாது. இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் செய்த ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டும் பழக்கம் இதைவிட மோசம். தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.

ஆக, வாங்க வேண்டியது 7 இன்ச் சர்க்குலர் சா. அட்டைப் பெட்டியில் 184, 185, 190 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும், எல்லாம் அந்த ரகம்தான். 65 முதல் 70 மில்லி வரை ஆழம் போகும். வீட்டில் செய்கிற எல்லாவற்றுக்கும் இது தாராளம். நிலைக்குப் போடுகிற மூன்று இன்ச் மரம் வந்தால் புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் அறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்காக 9 இன்ச் வாங்காதீர்கள். கனமான மிஷினைப் பிடித்தபடி கோட்டைப் பார்த்து அறுப்பது புதியவருக்குக் கஷ்டம்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், உழைப்பு. எல்லோரும் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். 1200 வாட்டுக்கு மேல் இருந்தால் வீட்டுக்குப் போதும். மக்கிட்டா எச்எஸ்7600 1200 வாட், பாஷ் ஜிகேஎஸ் 190 1400 வாட். இரண்டுமே வருஷக்கணக்கில் ஓடக்கூடிய ரகம். பெயரே தெரியாத பிராண்டுகள் பெட்டியில் 1800, 2000 என்று போடுவதை நம்பி முடிவு எடுக்காதீர்கள். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை.

கார்பன் பிரஷ்ஷில் ஆரம்பிக்கிறேன். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருகினால் ஸ்பிரிங்கோடு ஒரு கறுப்புக் கட்டி வெளியே வரும். அதுதான் தேய்கிற பொருள். தேய்ந்து 5, 6 மில்லி ஆனதும் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு ஓட்டினால் ஸ்பிரிங் போய் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்தை உரசும், பொறி பறக்கும், கடைசியில் ஆர்மேச்சரே போய்விடும். சொற்பக் காசில் தீர வேண்டியது மிஷின் விலையில் பாதியைத் தின்றுவிடும். அந்த மூடி வெளியே இல்லாத மாடலில் பாடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. பல மிஷின்கள் பரணுக்குப் போவதே இப்படித்தான். கடைக்காரரிடம், "இதுக்குக் கார்பன், ஆர்மேச்சர், சுவிட்ச் இங்கேயே கிடைக்குமா?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அந்த மாடல் வேண்டாம். பாஷ், மக்கிட்டா, டிவால்ட் ஆகியவற்றை நான் பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணமே உதிரி பாகம் கிடைப்பதுதான்.

அடுத்தது பேஸ் பிளேட். மிஷின் மரத்தின் மேல் உட்கார்ந்து நகர்கிற தட்டு அது. மெல்லிய தகரத்தை மடித்துச் செய்ததாக இருந்தால் ஒரு தடவை கீழே விழுந்தாலே கோணிவிடும். பிறகு எந்த வெட்டும் 90 டிகிரிக்கு நிற்காது. கடையிலேயே பிளக்கைச் சொருகாமல் பிளேடை முழு ஆழத்துக்கு இறக்கி, மூலைமட்டத்தைப் பேஸோடு சேர்த்து பிளேடின் உடம்பில் வைத்துப் பாருங்கள், பல்லில் வைக்காதீர்கள். வெளிச்சம் தெரியக் கூடாது. ஆழம் மாற்றுகிற லீவரை இறுக்கிவிட்டு பேஸை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேறு பீஸ் கேளுங்கள்.

மூன்றாவது, பேரிங். பிளேடைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மிஷினைக் கொல்வது பெரும்பாலும் மொட்டை பிளேடுதான். பல் மழுங்கினால் நாம் அழுத்தித் தள்ளுவோம், மோட்டார் திணறும், சூடாகும், உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுற்று (வைண்டிங்) கருகும். நம் ஊரில் தேக்கு அதிகம், தேக்கில் சிலிக்கா உண்டு, அது பல்லைத் தின்னும். பிளைவுட்டில் இருக்கிற பசையும் அப்படித்தான். அதனால் டிசிடி என்று போட்ட, கார்பைடு முனை வைத்த பிளேடே வாங்குங்கள். பலகையை நீளவாக்கில் கிழிக்க 24 பல், பொதுவான வேலைக்கு 40 பல், பிளைவுட்டும் லேமினேட்டும் சிம்பு பறக்காமல் வர 60 பல். முதலில் 40 பல்லில் ஒன்று வாங்கினால் வண்டி ஓடும். நடு ஓட்டை உங்கள் மிஷினுக்குப் பொருந்துகிறதா, பிளேடில் அச்சடித்த அதிகபட்சச் சுற்று மிஷினின் சுற்றைவிட அதிகமா, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மழுங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம், டைமண்ட் வீலில் சாணை பிடித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே அறுப்பதால் சிம்பு மேல் பக்கம்தான் கிளம்பும். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

கரண்ட் பக்கமும் கொஞ்சம் கவனியுங்கள். 1400 வாட் மிஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், லோடு ஏறும்போது இன்னும் கூடும். சாதா 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதற்கு இல்லை, பவர் பிளக்கில் போடுங்கள். மெல்லிய ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வோல்டேஜ் விழும். மோட்டார் அப்போதும் திணறிச் சூடாகும். ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் தடிமனாவது இருக்கட்டும், தூரம் அதிகமென்றால் 2.5. சுருளை முழுவதும் பிரித்துப் போட்டு ஓட்டுங்கள், சுருட்டியபடியே இருந்தால் ஒயர் கொதிக்கும்.

பேட்டரி மாடல் பற்றியும் யாராவது சொல்வார்கள். 18 வோல்ட்டில் நல்ல மிஷின்கள் இருக்கின்றன, மாடியில், தோட்டத்தில் வேலை என்றால் வசதிதான். ஆனால் பேட்டரி நாம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகி இறங்கும். எப்போதாவது எடுக்கிறவருக்கு ஒயர் வைத்ததுதான் அதிக நாள் வரும். லேசர் லைட் எல்லாம் வேண்டாம், மரத்தூளில் அது தெரியாது.

ஓட்டும்போது ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடை இறுக்கினால் மிஷின் உங்களை நோக்கித் துள்ளும். பலகையின் இரண்டு முனையை மட்டும் ஸ்டூலில் வைத்து நடுவில் அறுத்தால் கட்டாயம் இது நடக்கும், நடுப்பகுதி தொங்கி இரண்டு பக்கமும் பிளேடைக் கவ்வும். 8க்கு 4 பிளைவுட் என்றால் தரையில் நான்கு ரீப்பர் சட்டத்தைப் பரப்பி, வெட்டு விழும் கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டாக இருக்கும்படி வைத்து, அதன் மேல் ஷீட்டைப் போடுங்கள். பிளேடு பலகைக்கு அடியில் ஒரு பல் அளவு மட்டும் நீட்டினால் போதும். மிஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். அடி கவரை ஆப்பு வைத்துத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் நாம் எந்தக் காரணத்துக்காக மார்பிள் கட்டரை வேண்டாம் என்றோமோ அதுவே திரும்ப வந்துவிடும்.

மிஷினோடு ஒரு ஜோடி கார்பன், 40 பல் பிளேடு ஒன்று, கண்ணாடி, மாஸ்க், காதுக்கு பிளக் எல்லாம் அன்றே வாங்கிவிடுங்கள். கையுறை மட்டும் வேண்டாம், சுற்றுகிற பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.