கையால ஸ்கெட்ச் போடுறது பத்தி நம்ம ஆளுங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி (ராமநாதபுரம், பாலிடெக்னிக் ரெண்டாம் வருசம்): அண்ணே, கம்ப்யூட்டர்ல வரையுற ஆட்டோகேட் நல்லா வருது. இன்டர்வியூல பேப்பர குடுத்து கையால வரைன்னு சொல்றாங்களாம். இப்பவும் இது எதுக்குண்ணே?

பதில்: தம்பி, ஆட்டோகேட்ல ஒரு கோடு போடணும்னா எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு மொதல்லயே சொல்லியாகணும், ஆனா யோசிக்கிற நேரத்துல நமக்கு அதுவே தெரியாது, பிராக்கெட் எப்படி வளையணும், போல்ட் மேல இருந்து வருமா சைடுல இருந்து வருமாங்கிற நிலைமையிலதான் இருப்போம். ஒரே தாள்ல நாலு விதமா போட்டுப் பாத்து மூணை அடிச்சிட்டு போறது பென்சில்லதான் சுலபம். ஸ்க்ரீன்ல ஏத்திட்டா மொத ஐடியாவே முடிஞ்ச டிராயிங் கணக்கா பளிச்சுனு நிக்கும், அழிக்க மனசு வராது, கூட இருக்கவங்களும் எல்லாம் முடிவாயிடுச்சு போலன்னு வாயத் தொறக்க மாட்டாங்க. உன் யோசனை எப்படி போகுதுன்னு பாக்கத்தான் பேப்பர குடுக்குறாங்க, கோடு கோணலா இருந்தா பரவாயில்ல.

கேள்வி (தங்கச்சிமடம், போட் இன்ஜின் வேலை): புரொப்பல்லர் சாஃப்ட்ட (சுத்துற தண்ட) தாங்குற புஷ், அதாவது குழா மாதிரி வளையம், தேஞ்சு லேத்துக்கு குடுத்தா ஒவ்வொரு தடவையும் சைஸ் மாறி வருது. வாட்ஸப்ல போட்டோ அனுப்பியும் பிரயோஜனம் இல்ல.

பதில்: போட்டோல தேய்மானம் தெரியாதுண்ணே. முக்கால்வாசி பேர் பண்றது, பழைய புஷ்ஷயே கையில குடுத்து இதே மாதிரி போட்டுக் குடுங்கன்னு சொல்றது, அவரு தேஞ்ச ஓட்டைய அளந்து தேஞ்ச சைஸ்லயே புதுசு போட்டுத் தருவாரு. அதனால மொதல்ல ஒரு சென்டர் லைன் போடுங்க, புஷ்ஷ நீளவாக்குல பாதியா அறுத்து பாத்தா எப்படி இருக்கும்னு அதச்சுத்தி வரைங்க, வெட்டுப்பட்ட எடத்துல சாய்கோடு போட்டு நிரப்புங்க, பக்கத்துல நேரா பாத்தா தெரியுற வட்டம். படம் முழுசா முடிஞ்ச பொறவு அளக்குற வெர்னியர் காலிப்பர எடுங்க, ஏன்னா வரையும்போதே எந்த அளவு இல்லைன்னு படமே காட்டிக் குடுத்துரும். சாஃப்ட்ட புஷ் உக்காருற எடத்துல ஒண்ணு, தேயாத எடத்துல ஒண்ணுன்னு அளந்து ரெண்டையும் எழுதி, எங்க அளந்தீங்கன்னு அம்பு போடுங்க. ஒரு முனையில "இன்ஜின் பக்கம்", இன்னொரு முனையில "புரொப்பல்லர் பக்கம்"னு எழுதுங்க. தண்ணி போற காடி எந்தப் பக்கம் வரணும்னு பட்டறையில இருக்கவருக்கு அதுலதான் தெரியும். முடிஞ்சா அவரு முன்னாடியே உக்காந்து வரைங்க, அவரு கேக்குற கேள்வியிலயே பாதி தப்பு மாட்டிக்கும்.

கேள்வி (கீழக்கரை, ஃபர்னிச்சர் கடை): பொருளோட மூணு பக்கமும் ஒண்ணா தெரியுற ஐசோமெட்ரிக் படத்துல வட்டம் மட்டும் எப்பவும் கோணுது தம்பி.

பதில்: காக்கா, வட்டத்த நேரா வரையாதீங்க. 30 டிகிரி சாய்வுல மொதல்ல ஒரு சதுரம் போடுங்க, அது சாஞ்ச டைமண்டா வரும், அதோட நாலு பக்கத்துக்கும் நடுவுல புள்ளி வச்சு அந்தப் புள்ளிய தொட்டுட்டு போற மாதிரி வளைங்க. சரி பாக்க ஒரு வழி இருக்கு: ஓட்டைக்குள்ள ஒரு கம்பி போறதா நெனச்சுக்கிட்டா, நீள்வட்டத்தோட நீளமான அச்சு அந்தக் கம்பிக்கு செங்குத்தா இருக்கணும்.

கேள்வி (மண்டபம், ஸ்கூல் டீச்சர்): பசங்களுக்கு சொல்லிக் குடுக்க நம்ம ஊர்லயே ஏதாவது இருக்கா அண்ணா?

பதில்: பாம்பன் ரயில் பாலத்த விட்டா வேறென்ன டீச்சர். 1914ல தொறந்த பழைய பாலத்துல ஷெர்சர்ங்கிற தூக்கு முறை இருந்துச்சு, கப்பல் வந்தா ரெண்டு பக்க இறக்கையும் உருண்டு மேல எந்திரிச்சுச்சு. 2025ல தொறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்த வாக்குலயே 17 மீட்டர் மேல போகுது. ரெண்டையும் மூடுனது ஒண்ணு, தொறந்தது ஒண்ணுன்னு பசங்கள கோட்டுப்படமா போடச் சொல்லுங்க. தொறந்த படத்துல ஒரு கப்பலையும் வரையச் சொன்னீங்கன்னா, பழசுல நடுவுல தலைக்கு மேல ஆகாசம், புதுசுல எவ்வளவு தூக்குனாலும் மேல ஒரு பாலம் நிக்குது, அதனால கப்பல் உயரத்துக்கு ஒரு எல்லை இருக்குன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க. தூக்குற துண்டுக்கு ஈடா எடை கட்டுற பாரம் எங்க தொங்கணும்னும் கேளுங்க, அதுக்குத்தான் பசங்க ரொம்ப நேரம் சண்டை போடுவாங்க.

கேள்வி (தொண்டி): வெளிநாட்டு இன்ஜின் மேனுவல் பாத்தா டாப் வியூ மேல இருக்கு, காலேஜ்ல கீழ போடச் சொன்னாங்களே?

பதில்: அது தேர்ட் ஆங்கிள்ங்கிற வரையுற முறை, அமெரிக்கா பழக்கம். நம்மகிட்ட ஃபர்ஸ்ட் ஆங்கிள், டாப் வியூ கீழ வரும். கை ஸ்கெட்ச்லயும் எதுன்னு ஓரத்துல எழுதிருங்க, இல்லன்னா வலது இடது மாறி பீஸ் வந்து நிக்கும்.

கேள்வி (ராமேஸ்வரம்): அப்ப ஸ்கெட்ச் மட்டும் நல்லா வந்தா போதுமா?

பதில்: போதாது. ஆஸ்திரேலியாவுல இருக்க சிட்னி ஓபரா ஹவுஸ வடிவமைக்கிற போட்டியில 1957ல ஜெயிச்சப்ப, ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் குடுத்த படங்கள்ல கூரையில சிப்பி மாதிரி வளைஞ்சு நிக்கிற அந்த ஓடுகளுக்கு கணக்கே கெடையாது. எல்லாத்தையும் ஒரே உருண்டையில இருந்து வெட்டிக்கலாம்னு முடிவாகவே வருசக்கணக்கா ஆச்சு, தொறந்தது 1973ல. எதைக் கணக்குப் போடணும்னு ஸ்கெட்ச் காட்டும், கணக்க நாமதான் போடணும்.

கேள்வி (மூக்கையூர்): என்ன பேனா, என்ன நோட்டு வாங்கலாம்ணே?

பதில்: பேனா வேண்டாம், கடல் காத்துல தாள் நமத்து மை ஊறிரும். எச்பி பென்சில், கட்டம் போட்ட நோட்டு, போதும். தப்புக் கோட்ட அழிக்காம பக்கத்துலயே சரியானத அழுத்திப் போடுங்க.